மைஎஸ்கியூஎல் சர்வரில் மைஐசாம் என்ஜினை முடக்குதல்: முழுமையான வழிகாட்டி

மைஐசாம் என்பது மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் டேபிள்களைச் சேமிக்கும் பழைய என்ஜின். கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதி சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அது முடங்கிவிடும். அரை நிமிட வேலை. ஆனால் அந்த வரி புதிய டேபிள்கள் உருவாவதை மட்டும்தான் தடுக்கும். ஏற்கெனவே மைஐசாமில் இருப்பவற்றை அது தொடவே தொடாது. ஆகவே வேலையின் பெரும்பகுதி அந்த வரிக்கு முன்னால் இருக்கிறது: எங்கெங்கே பழைய டேபிள்கள் கிடக்கின்றன என்று கண்டுபிடிப்பது, அவற்றை இன்றைய இயல்பான என்ஜினான இன்னோடிபிக்கு மாற்றுவது, எந்தப் பயன்பாடு இன்னும் மைஐசாமைக் கேட்கிறது என்று தேடுவது. இவற்றை முடித்துவிட்டுக் கடைசியாகக் கதவைப் பூட்ட வேண்டும்.

இங்கே சொல்பவை மைஎஸ்கியூஎல் 8.0, 8.4 பதிப்புகளுக்கானவை. 5.7-க்கும், மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபிக்கும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறோம். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். சர்வரில் தட்டச்சும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில், அடிக்கோடுகளை அப்படியே வைத்து எழுதுங்கள்.

ஏன் முடக்க வேண்டும்

மைஎஸ்கியூஎல் 5.5-லேயே, அதாவது 2010-லேயே, இயல்பான என்ஜின் இன்னோடிபி ஆகிவிட்டது. அப்படியும் மைஐசாம் டேபிள்கள் புதிது புதிதாக முளைக்கின்றன. காரணம் எளிது. பழைய நிறுவல் நிரல்களும், பத்து ஆண்டு பழைய பேக்கப் கோப்புகளும், எங்கிருந்தோ நகலெடுத்த ஸ்கீமாக்களும் "என்ஜின்=மைஐசாம்" என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கின்றன. இயல்பான என்ஜின் எதுவாக இருந்தாலும், கேட்டதை சர்வர் கொடுத்துவிடும்.

அப்படி ஒரே ஒரு டேபிள் நுழைந்தாலும் தொல்லைதான். மைஐசாமில் டிரான்ஸாக்ஷன், அதாவது பல மாற்றங்களை ஒன்றாக ஏற்கவோ கைவிடவோ செய்யும் வசதி, கிடையாது. பாதியில் நின்ற வேலையை ரோல்பேக் செய்தால் இன்னோடிபி பகுதி திரும்பும், மைஐசாம் பகுதி அப்படியே நிற்கும். ஒரு டேபிளை இன்னொன்றோடு பிணைக்கும் ஃபாரின் கீ எழுதினால் பிழை எதுவும் சொல்லாமல் புறக்கணிக்கும். ஒரு வரியை மாற்ற முழு டேபிளையும் பூட்டும். மின்சாரம் போய்ச் சர்வர் விழுந்தால் டேபிள் பழுதாகி, "ரிப்பேர் டேபிள்" ஓட்டும்வரை திறக்காமல் போகலாம். எல்லாவற்றையும் விட வெளியே தெரியாத ஆபத்து பேக்கப்பில் இருக்கிறது: பேக்கப் கருவியான மைஎஸ்கியூஎல்டம்ப்பை "சிங்கிள்-டிரான்ஸாக்ஷன்" தெரிவோடு ஓட்டினால் இன்னோடிபி டேபிள்கள் எல்லாம் ஒரே கணத்தின் நிலையில் கிடைக்கும், மைஐசாம் டேபிள்கள் டம்ப் ஓடும்போதே மாறிக்கொண்டிருக்கும். ரெஸ்டோர் செய்யும் நாள் வரை இது யாருக்கும் தெரியாது.

ஒரே தரவைப் பல சர்வர்களில் ஒத்திசைவாக வைக்கும் குரூப் ரெப்ளிகேஷன் வைக்கப் போகிறீர்கள் என்றால் விவாதத்துக்கே இடமில்லை. அங்கே தரவு இன்னோடிபியில்தான் இருக்க வேண்டும்.

முடக்குவதில் இரண்டு வழிகள், குழப்பிக்கொள்ளாதீர்கள்

முதல் வழி "டிசேபிள்டு_ஸ்டோரேஜ்_என்ஜின்ஸ்" என்ற அமைப்பு. 5.7.8 பதிப்பில் வந்தது. இதில் பெயர் இடம்பெற்ற என்ஜினில் "கிரியேட் டேபிள்" செய்ய முடியாது. இருக்கும் டேபிளை "ஆல்டர் டேபிள்" மூலம் அந்த என்ஜினுக்கு மாற்றவும் முடியாது. ஆனால் பழைய டேபிளில் படிப்பது, எழுதுவது, இண்டெக்ஸ் சேர்ப்பது, டிரங்கேட் செய்வது, டிராப் செய்வது எல்லாம் வழக்கம்போல் நடக்கும். படிப்படியாக மாற்றிக்கொள்ள வசதியாகத்தான் இப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வழி, என்ஜினின் பிளகினையே ஏற்றாமல் விடுவது: "ஆர்க்கைவ்=ஆஃப்", "பிளாக்ஹோல்=ஆஃப்" போன்ற வரிகள். இது கடுமையானது. என்ஜின் நினைவகத்திலேயே இருக்காது; ஆகவே அதில் இருக்கும் பழைய டேபிளைப் படிக்கக்கூட முடியாது, 1286 எண்ணுள்ள "அன்னோன் ஸ்டோரேஜ் என்ஜின்" பிழை வரும். தரவுக் கோப்பு வட்டில் பத்திரமாகத்தான் இருக்கும். வரியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் டேபிள் திரும்பக் கிடைக்கும்.

மைஐசாமுக்கு இரண்டாவது வழி கிடையவே கிடையாது. மைஐசாம், மெமரி, சிஎஸ்வி, எம்ஆர்ஜி_மைஐசாம், இன்னோடிபி ஆகியவை சர்வரோடு கட்டாயமாகத் தொகுக்கப்பட்டவை. எனவே மைஐசாமைப் பொறுத்தவரை முதல் வழியே வழி.

படி 1: எது எங்கே இருக்கிறது

சர்வரில் நுழைந்து இந்தக் கேள்வியை ஓட்டுங்கள்:

செலக்ட் டேபிள்_ஸ்கீமா, டேபிள்_நேம், என்ஜின், டேட்டா_லெங்த்+இண்டெக்ஸ்_லெங்த்
ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.டேபிள்ஸ்
வேர் என்ஜின் <> 'இன்னோடிபி'
அண்ட் டேபிள்_ஸ்கீமா நாட் இன் ('மைஎஸ்கியூஎல்', 'சிஸ்', 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா', 'பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா');

மைஐசாமை மட்டும் கேட்காமல் "இன்னோடிபி அல்லாதவை அனைத்தும்" என்று கேட்பதில் ஒரு பயன் உண்டு: எவரும் நினைத்துப் பார்க்காத ஃபெடரேட்டட், ஆர்க்கைவ் டேபிள்களும் வெளியே வரும். 8.0-இல் அளவு எண்கள் 24 மணி நேரம் வரை தற்காலிகச் சேமிப்பிலிருந்து வரக்கூடும். இப்போதைய அளவு வேண்டுமென்றால் அந்த அமர்வில் "இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா_ஸ்டாட்ஸ்_எக்ஸ்பைரி" மதிப்பை 0 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள்.

அமைப்பு ஸ்கீமாக்களை விலக்கியது வேண்டுமென்றே. 8.0-இல் பயனர் உரிமை டேபிள்கள் இன்னோடிபிக்கு வந்துவிட்டன. பொதுப் பதிவும் மெதுவான கேள்விப் பதிவும் சிஎஸ்வியில் இருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். 5.7-இல் உரிமை டேபிள்கள் பல மைஐசாமிலேயே இருக்கும். அங்கே கை வைத்தால் உள்நுழைவே சிக்கலாகும்.

படி 2: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மாற்றும் கட்டளை "ஆல்டர் டேபிள் பெயர் என்ஜின்=இன்னோடிபி" என்ற ஒரு வரிதான். ஆனால் அது முழு டேபிளையும் புதிதாக நகலெடுத்துக் கட்டும். நகல் முடியும்வரை படிக்கலாம், எழுத முடியாது. 50 எம்பி டேபிளுக்கு யாரும் கவனிக்கப் போவதில்லை. 50 ஜிபி டேபிளுக்குத் தளம் நின்றுவிடும். அத்தகைய டேபிளுக்குப் பெர்கோனா டூல்கிட்டில் உள்ள "பிடி-ஆன்லைன்-ஸ்கீமா-சேஞ்ச்" ஏற்றது. அதற்கு டேபிளில் பிரைமரி கீயோ யூனிக் இண்டெக்ஸோ இருக்க வேண்டும்.

வட்டில் இடம் பாருங்கள். பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்கும். மேலும் அதே தரவு மைஐசாமை விட இன்னோடிபியில் அதிக இடம் பிடிக்கும். பெரிய டேபிள் எதுவோ அதன் அளவைப் போல மூன்று மடங்கு காலியாக இருந்தால் கவலையின்றித் தொடங்கலாம்.

நினைவகத்தையும் மாற்றி ஒதுக்க வேண்டும். மைஐசாம் சர்வர்களில் "கீ_பஃபர்_சைஸ்" பெரிதாகவும் "இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ்" இயல்பான 128 எம்பியிலும் கிடப்பது வழக்கம். டேபிளை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்தால், எல்லாம் மெதுவாகி "இன்னோடிபி சரியில்லை" என்ற தவறான முடிவுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். தரவுத்தளத்துக்கென்றே உள்ள இயந்திரமாக இருந்தால் மொத்த நினைவகத்தில் பாதி முதல் முக்கால் பங்கு வரை பஃபர் பூலுக்குக் கொடுங்கள்; கீ பஃபரை இயல்பான 8 எம்பிக்கு இறக்குங்கள்.

இனி, ஆல்டர் கட்டளை தடுக்கி விழும் இடங்கள்.

பிழை 1075: கூட்டு இண்டெக்ஸின் இரண்டாவது பத்தியில் ஆட்டோ இன்கிரிமென்ட் வைக்க மைஐசாம் அனுமதிக்கும். ஒவ்வொரு கிளைக்கும் பில் எண் 1-லிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காக இதைப் பயன்படுத்தியவர்கள் நிறைய. இன்னோடிபியில் அந்தப் பத்தி ஏதேனும் ஓர் இண்டெக்ஸில் முதலாவதாக இருக்க வேண்டும். தனி இண்டெக்ஸ் சேர்த்தால் பிழை போய்விடும், ஆனால் எண் வரிசை கிளைவாரியாகத் தொடங்காமல் டேபிள் முழுதுக்கும் ஒன்றாக ஓடும். பயன்பாட்டின் நிரலைத் திருத்தாமல் இதை மாற்றவே கூடாது. இந்தப் பட்டியலில் உண்மையிலேயே தரவின் பொருளைக் கெடுக்கக்கூடியது இதுதான்.

பிழை 1031: டேபிள் வரையறையில் "ரோ_ஃபார்மட்=ஃபிக்ஸ்டு" என்று இருக்கிறது. இன்னோடிபிக்கு அது தெரியாது. ஆல்டர் வரியிலேயே "ரோ_ஃபார்மட்=டைனமிக்" என்று சேர்த்து எழுதினால் தீர்ந்தது.

பிழை 1118: ஒரு வரியின் அளவு 8126 பைட் எல்லையைத் தாண்டுகிறது. நூற்றுக்கணக்கான வார்கேர் பத்திகள் கொண்ட டேபிள்களில் வரும். ரோ ஃபார்மட் டைனமிக்காக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியும் வந்தால் நீளமான பத்திகளை டெக்ஸ்ட் வகைக்கு மாற்றுவது அல்லது டேபிளை இரண்டாகப் பிரிப்பது தவிர வேறு வழியில்லை.

பிழை எதுவும் வராமல் நடத்தை மட்டும் மாறும் இடம் முழு உரைத் தேடல். மைஐசாமில் குறைந்தபட்சச் சொல் நீளம் 4, நிறுத்தச் சொற்கள் 543. இன்னோடிபியில் 3, வெறும் 36. மைஐசாம், பாதிக்கும் மேற்பட்ட வரிகளில் வரும் சொல்லை இயல்புத் தேடலில் புறக்கணிக்கும். இன்னோடிபி அப்படிச் செய்யாது. அதனால் அதே தேடல் வேறு முடிவுகளை வேறு வரிசையில் தரும். மாற்றுவதற்கு முன் பத்து வழக்கமான தேடல்களின் முடிவைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் ஒப்பிடுங்கள்.

"செலக்ட் கவுன்ட்(*)" பற்றியும் ஒரு சொல். மைஐசாம் வரி எண்ணிக்கையைத் தயாராக வைத்திருக்கும். இன்னோடிபி ஒவ்வொரு முறையும் எண்ணும். ஒவ்வொரு பக்கத்திலும் மொத்த எண்ணிக்கை காட்டும் தளங்களில் இது உறைக்கும்.

பல மைஐசாம் டேபிள்களைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் எம்ஆர்ஜி_மைஐசாம் டேபிள் இருந்தால் அதன் உறுப்பு டேபிள்களைத் தனியாக மாற்றாதீர்கள். ஒன்று மாறினாலும் சேர்ப்பு டேபிள் உடைந்துவிடும். முதலில் எல்லாத் தரவையும் ஒரே இன்னோடிபி டேபிளுக்குக் கொண்டுவந்து, பிறகு பழையவற்றை நீக்குங்கள்.

படி 3: மாற்றுதல்

முதலில் பேக்கப். அதை வேறொரு சர்வரில் ஒருமுறை ரெஸ்டோர் செய்து பாருங்கள். பிறகு மாற்றும் கட்டளைகளைக் கையால் எழுதாமல் சர்வரையே எழுத வையுங்கள்:

செலக்ட் கான்கேட்('ஆல்டர் டேபிள் `', டேபிள்_ஸ்கீமா, '`.`', டேபிள்_நேம், '` என்ஜின்=இன்னோடிபி;')
ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.டேபிள்ஸ்
வேர் என்ஜின்='மைஐசாம்' அண்ட் டேபிள்_ஸ்கீமா='உங்கள்_தரவுத்தளம்'
ஆர்டர் பை டேட்டா_லெங்த்;

சிறியவை முதலில் வரும். தொடக்கத்தில் சில டேபிள்களை மட்டும் ஓட்டிப் பயன்பாட்டைச் சோதித்துவிட்டு மற்றவற்றைத் தொடருங்கள். பெயரைச் சுற்றிய பின்சாய்வு மேற்கோள்களை விட்டுவிடாதீர்கள். "ஆர்டர்", "குரூப்" என்று பெயர் வைத்த டேபிள்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ரெப்ளிகா (மூலச் சர்வரின் மாற்றங்களைப் பின்தொடரும் நகல் சர்வர்) இருந்தால் மூலச் சர்வரில் ஓட்டிய ஆல்டர், ரெப்ளிகாவிலும் கிட்டத்தட்ட அதே நேரம் எடுக்கும். மூலத்தில் 20 நிமிடம் என்றால் ரெப்ளிகா அதன் பிறகு 20 நிமிடம் பின்தங்கும். படிக்கும் வேலையை ரெப்ளிகாவுக்கு அனுப்பும் அமைப்பாக இருந்தால் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

படி 4: பூட்டுதல்

எந்தக் கோப்பில் எழுதுவது என்று ஊகிக்க வேண்டாம். மைஎஸ்கியூஎல்டி என்ற சர்வர் நிரலை "வெர்போஸ்", "ஹெல்ப்" தெரிவுகளோடு ஓட்டினால், எந்தெந்தக் கோப்புகளை எந்த வரிசையில் படிக்கிறது என்று தொடக்கத்திலேயே பட்டியல் வரும். சரியான கோப்பைத் திறந்து, மைஎஸ்கியூஎல்டி பிரிவின் கீழ் எழுதுங்கள்:

[மைஎஸ்கியூஎல்டி]
டிசேபிள்டு_ஸ்டோரேஜ்_என்ஜின்ஸ்="மைஐசாம்,பிளாக்ஹோல்,ஃபெடரேட்டட்,ஆர்க்கைவ்"

மைஐசாமோடு மற்ற மூன்றையும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பிளாக்ஹோல் எழுதியதையெல்லாம் விழுங்கிவிடும். ஃபெடரேட்டட் இயல்பாகவே மூடித்தான் இருக்கும்; யாராவது திறந்துவிட்டால் தொலை சர்வரின் கடவுச்சொல் டேபிள் வரையறையிலேயே வெளிப்படையாக உட்காரும். ஆர்க்கைவில் வரியைத் திருத்தவோ நீக்கவோ முடியாது. குரூப் ரெப்ளிகேஷனுக்கான அதிகாரபூர்வ எடுத்துக்காட்டு மெமரியையும் சேர்த்தே முடக்குகிறது. பயன்பாட்டு நிரலில் "என்ஜின்=மெமரி" என்று தேடிப் பார்த்துவிட்டு மட்டும் அதைச் சேருங்கள்; அறிக்கை தயாரிக்கும் நிரல்களில் மெமரி டேபிள் ஒளிந்திருக்கும். சிஎஸ்வியை விட்டுவிடலாம்.

பெயர்களை "ஷோ என்ஜின்ஸ்" பட்டியலின் முதல் பத்தியில் உள்ளபடியே எழுதுங்கள். மெர்ஜ், ஹீப் போன்ற பழைய மாற்றுப் பெயர்கள் வேண்டாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாதீர்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, கவனியுங்கள். அமைப்பின் பெயரில் ஓர் எழுத்து தவறினால், உதாரணமாக நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனால், "அன்னோன் வேரியபிள்" என்று சொல்லிச் சர்வர் தொடங்கவே மறுக்கும். என்ஜினின் பெயரில் தவறினாலோ சத்தமில்லாமல் தொடங்கிவிடும். பூட்டு மட்டும் விழுந்திருக்காது. முதல் தவறைப் பிடிக்க, 8.0.16 முதல் உள்ள "வேலிடேட்-கான்ஃபிக்" தெரிவோடு மைஎஸ்கியூஎல்டியை ஒருமுறை ஓட்டுங்கள்; குறை இல்லையென்றால் எதுவும் சொல்லாமல் முடியும். இரண்டாவதைச் சோதித்துத்தான் பிடிக்க வேண்டும்.

இந்த அமைப்பை ஓடும் சர்வரில் "செட் குளோபல்" கொண்டு மாற்ற முடியாது. ரீஸ்டார்ட் கட்டாயம். டெபியன், உபுண்டு இயந்திரங்களில் சேவையின் பெயர் மைஎஸ்கியூஎல். ரெட்ஹேட் வகைகளில் மைஎஸ்கியூஎல்டி.

அதே வரி இரண்டு கோப்புகளில் இருந்தால் பட்டியல்கள் ஒன்றுசேராது. கடைசியாகப் படித்தது மட்டுமே நிற்கும்.

படி 5: பூட்டு விழுந்ததா

"ஷோ என்ஜின்ஸ்" பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் மைஐசாமுக்கு நேரே இன்னும் "எஸ்" என்றுதான் இருக்கும், ஏனென்றால் என்ஜின் ஏற்றப்பட்டே இருக்கிறது. சோதனைத் தரவுத்தளத்தில் ஒரு டேபிளை உருவாக்கிப் பார்ப்பதே சோதனை:

கிரியேட் டேபிள் சோதனை (எண் இன்ட்) என்ஜின்=மைஐசாம்;

3161 எண்ணுள்ள பிழை, "ஸ்டோரேஜ் என்ஜின் மைஐசாம் இஸ் டிசேபிள்டு" என்ற செய்தியோடு வர வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு என்ஜினுக்கும் இதைச் செய்யுங்கள். ஃபெடரேட்டட் ஏற்கெனவே மூடியிருந்தால் அதற்கு மட்டும் 1286 வரும், அதுவும் சரிதான்.

டேபிள் உருவாகிவிட்டால் "பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா.வேரியபிள்ஸ்_இன்ஃபோ" டேபிளில் இந்த அமைப்பின் வரியைப் பாருங்கள். மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று பாதையோடு சொல்லும். பாதை காலியாகவும் மூலம் "கம்பைல்டு" என்றும் இருந்தால் நீங்கள் எழுதிய கோப்பைச் சர்வர் படிக்கவே இல்லை, அல்லது வரி வேறொரு பிரிவின் கீழ் போய்விட்டது. "ஸ்கிப்-கிராண்ட்-டேபிள்ஸ்" தெரிவோடு தொடங்கிய சர்வரிலும் பூட்டு வேலை செய்யாது. கடவுச்சொல் மீட்கப் போட்ட அந்த வரியை எடுக்க மறந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பூட்டை விடப் பெரிய ஆபத்து அதுவே.

பூட்டிய பிறகு வரும் சிக்கல்கள்

பழைய டம்ப் கோப்பை ஏற்றும்போது முதல் மைஐசாம் டேபிளிலேயே 3161 வந்து ஏற்றம் பாதியில் நிற்கும். கோப்பில் "என்ஜின்=மைஐசாம்" என்பதை "என்ஜின்=இன்னோடிபி" என மாற்ற வேண்டும். ஆனால் கோப்பு முழுதும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள்; தரவுக்குள்ளேயே அந்தச் சொற்கள் இருக்கலாம். மூடும் அடைப்புக்குறியில் தொடங்கும் வரிகளில் மட்டும் மாற்றும்படி லினக்ஸின் உரை திருத்தும் "செட்" (எஸ்-இ-டி) கட்டளைக்கு விதி கொடுங்கள். டம்ப் கோப்பில் டேபிள் வரையறை முடியும் வரி அப்படித்தான் தொடங்கும்.

ரெப்ளிகாவில் மட்டும் பூட்டிவிட்டு மூலத்தைத் திறந்து வைப்பது பெரிய தவறு. மூலத்தில் யாரோ மைஐசாம் டேபிள் உருவாக்கியதும் ரெப்ளிகா 3161-இல் நின்றுவிடும். எப்போதும் மூலத்தை முதலில் பூட்டுங்கள். ஏற்கெனவே நின்றுவிட்டதென்றால், ரெப்ளிகாவில் வரியைத் தற்காலிகமாக எடுத்து ரீஸ்டார்ட் செய்து, மூலத்தை எட்டிப் பிடிக்க விட்டு, மூலத்தில் அந்த டேபிளை மாற்றி, மறுபடி பூட்டுவது சுருக்கமான வழி.

பயன்பாடு எங்கே உடையும் என்று முன்கூட்டியே அறிய, வளர்ச்சிச் சர்வரில் ஒரு உத்தி இருக்கிறது. முடக்கிய என்ஜினையே "டிஃபால்ட்_ஸ்டோரேஜ்_என்ஜின்" மதிப்பாக வைக்க மைஎஸ்கியூஎல் அனுமதிக்கும். அப்படி வைத்தால் என்ஜின் பெயர் சொல்லாமல் டேபிள் உருவாக்கும் ஒவ்வோர் இடமும் பிழை தந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். உற்பத்திச் சர்வரில் இதைச் செய்யாதீர்கள்.

மரியாடிபி

இந்த அமைப்பு மரியாடிபியில் இல்லை. வரியை அப்படியே நகலெடுத்தால் சர்வர் தொடங்காது. இரண்டு வகைச் சர்வர்களுக்கும் ஒரே கோப்பை அனுப்புகிறீர்கள் என்றால் பெயரின் முன்னால் "லூஸ்_" சேருங்கள். தெரியாத பெயராக இருந்தால் எச்சரிக்கையோடு கடந்துபோகும்.

அங்கே இதற்கு இணையானது "என்ஃபோர்ஸ்_ஸ்டோரேஜ்_என்ஜின்=இன்னோடிபி". இது 10.1.4-இல் வந்தது, தலைகீழ்த் தர்க்கம் கொண்டது: தடை செய்தவற்றைப் பட்டியலிடாமல், அனுமதித்த ஒன்றைச் சொல்கிறது. வேறு என்ஜின் கேட்டால் என்ன நடக்கும் என்பது எஸ்கியூஎல் மோடைப் பொறுத்தது. "நோ_என்ஜின்_சப்ஸ்டிடியூஷன்" இருந்தால் பிழை. இல்லாவிட்டால் எச்சரிக்கை மட்டும் தந்து இன்னோடிபியிலேயே உருவாக்கிவிடும். பழைய டம்ப்புகளை ஏற்ற இரண்டாவது நடத்தை கைகொடுக்கும்: ஏற்றும் அமர்வில் மட்டும் அந்த மோடை எடுத்துவிட்டால் கோப்பைத் திருத்தவே வேண்டாம். மரியாடிபி 10.4 முதல் அமைப்பு டேபிள்கள் ஆரியா என்ஜினில் இருக்கின்றன. அவற்றை மாற்ற முயலாதீர்கள்.

5.7-இல் மட்டும்

5.7-க்குள் பதிப்பு உயர்த்தி "மைஎஸ்கியூஎல்_அப்கிரேட்" ஓட்டும் நேரத்தில், மைஐசாம் பூட்டியிருந்தால் அமைப்பு டேபிள்களைச் சீர்செய்யும் படி தடுமாறும். ஓட்டுவதற்கு முன் வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி இட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். முடிந்ததும் குறியை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட் செய்து, 3161 சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள்.